‘எல்.ஈ.டி தானே, ஒண்டும் செய்யாது’

இந்த வசனத்தைக் கேட்காமல் யாழ்ப்பாணத்தில் எனக்கு ஒரு மாதம் போகாது. கலியாண மண்டபத்தில் டீ.ஜே. மேடை கட்டும் பெடியன்கள் சொல்வார்கள். திருவிழாவுக்கு மின்விளக்கு அலங்காரம் செய்பவர்கள் சொல்வார்கள். ‘யூவி லைற்’ என்று கேட்டால் பெட்டியைத் தட்டி எடுத்துத் தரும் கடைக்காரரும் அதையே சொல்வார். யாரும் வேண்டுமென்று பொய் சொல்வதில்லை. அவர்களுக்கு ஆபத்து என்றால் சூடும் கரண்டும்தான். ஹலஜன் விளக்கு கையைப் பொசுக்கும், எல்.ஈ.டி பொசுக்காது, அதனால் அது சாது. நாடக மேடைகளுக்கும் கண்காட்சிகளுக்கும் விளக்கு அமைப்பதே என் தொழில் என்பதால் இந்த வசனத்தைக் கேட்டுவிட்டுப் பேசாமல் போக எனக்கு ஏலவில்லை. யூவி எனப்படும், கண்ணுக்குத் தெரியாத கழியூதாக் கதிரை வீசும் எல்.ஈ.டி விடயத்தில் அது பிழை. அதுவும் கலைக் காட்சிகளில் அந்தப் பிழைக்கு முதலில் அகப்படுவது சின்னப் பிள்ளைகளின் கண்.

நல்லூர்ப் பக்கம் ஒரு பழைய நாற்சார் வீட்டில் நடந்த கண்காட்சி ஒன்றுக்குப் பிறகுதான் இதைப் பற்றி எழுத வேண்டும் என்ற எண்ணம் வந்தது. காண்பியக் கலை படித்த ஓர் இளம் பெண் செய்த படைப்பு. குருநகர்ப் பக்கத்துக் கடற்றொழிலாளர்கள் கழித்துவிட்ட நைலோன் மீன்வலைகளைச் சேகரித்து, கிழிந்த இடங்களைத் தைத்து, தைத்த முடிச்சுகளுக்கு மட்டும் ஒளிரும் சாயம் பூசியிருந்தாள். பெரிய அறையின் கூரை வளைகளிலிருந்து வலைகள் தொங்கின. யன்னல்களெல்லாம் கறுப்புப் பொலித்தீனால் அடைக்கப்பட்டிருந்தன. கழியூதா விளக்கைப் போட்டதும் வலை மறைந்துபோய், தைத்த முடிச்சுகள் மட்டும் பச்சையும் செம்மஞ்சளுமாக அந்தரத்தில் நிற்கும். எங்கே கிழிந்தது, யார் கை அதைப் பொருத்தியது என்பது மட்டும் கண்ணுக்குத் தெரியும். இப்படி ஒரு காரியத்தைச் சாதாரண வெளிச்சத்தில் செய்யவே முடியாது. அதனால் ‘யூவி வேண்டாம்’ என்று சொல்பவன் நானில்லை. எனக்கு அந்த வெளிச்சம் பிடிக்கும்.

நான்கு விளக்குகள், ஒவ்வொன்றும் 50 வாற்று, கதிரின் அலைநீளம் 365 நனோமீற்றர். சுவரில் ஏறத்தாழ இடுப்பளவு உயரத்தில் வலைகளை நோக்கிப் பூட்டப்பட்டிருந்தன. பார்ப்பவர் கண்ணில் நேரே படக்கூடாது என்று ஒவ்வொன்றின் மேலும் ஒரு தகரத் தட்டு. வளர்ந்தவர்கள் நின்று பார்த்தால் தகரம் மட்டும்தான் தெரியும். அக்கறையோடு செய்த வேலை என்று எனக்குள் பாராட்டிக்கொண்டேன்.

அக்காவின் மகளுக்கு ஆறு வயது. பள்ளிக்கூடம் விட்டு நேரே என்னோடு வந்தவள், வெள்ளை யூனிபோமில் இருந்தாள். சலவைத் தூள்களில் துணியை வெள்ளையாகக் காட்டச் சேர்க்கும் இரசாயனம் கழியூதாக் கதிரை வாங்கி நீல வெளிச்சமாகத் திருப்பிவிடும். அதனால் அந்த அறைக்குள் எங்கள் பள்ளிப் பிள்ளைகள் காலெடுத்து வைத்தால் வலையை விட அவர்கள்தான் அதிகம் ஒளிர்வார்கள். அவளுக்கு அது பெரிய சந்தோசம். கையை நீட்டினாள், பாவாடையை விரித்தாள், விளக்குப் பக்கம் போகப் போகத் தன் சட்டை இன்னும் பிரகாசமாவதைக் கண்டுபிடித்துவிட்டாள். அப்புறம் என்ன, நேரே விளக்கடிக்குத்தான் போனாள். தகரத் தட்டின் கீழே முகத்தைக் கொடுத்து, கண்ணாடிக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று, உள்ளே உற்றுப் பார்த்தாள். பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

“மாமா, இது எரியேல்லை.”

நான் ஓடிப்போய் அவளை இழுத்து என் பக்கம் திருப்பிக் குந்தினேன். குந்திய உயரத்திலிருந்து பார்த்தபோதுதான் முழுக் காட்சியும் விளங்கியது. நான்கு விளக்குகளும் நேருக்கு நேர் தெரிந்தன. நின்றால் மறைக்கும் தகரம், குந்தினால் ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் சொன்னதும் சரி. விளக்கின் முகம் சாம்பல் கலந்த மங்கல் ஊதாவாக, பற்றறி இறங்கிய ரோச் போலக் கிடந்தது. அதே நேரம் என் பார்வை முழுவதும் ஒரு மெல்லிய நீலப் புகை படர்ந்தது. தலையைத் திருப்பியதும் புகை இல்லை. திரும்பப் பார்த்தால் இருக்கிறது.

அந்தப் புகை அறையில் இருக்கவில்லை. என் கண்ணுக்குள் இருந்தது. கண்ணின் வில்லை கழியூதாக் கதிரை வாங்கித் தானே இலேசாக ஒளிரும். சலவைத் தூள் போட்ட சட்டைக்கு நடப்பதுதான் வில்லைக்கும் நடக்கிறது. அதாவது, புகை தெரிகிறது என்றால் கதிர் கண்ணுக்குள் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். யூவி அறைகளில் ‘பார்வை மங்கலாக இருக்கு, கண் ஒரு மாதிரி இருக்கு’ என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதை அந்த இடத்தின் மாயம் என்று விட்டுவிடுகிறோம். மாயம் இல்லை, விளக்கு நேரே கண்ணைப் பார்க்கிறது என்பதற்கு எங்களுக்குக் கிடைக்கிற ஒரே அறிவிப்பு அதுதான்.

மங்கலாகத் தெரிவதுதான் பலமானது

கடைகளில் யூவி என்று விற்பது ஒரே சாமான் இல்லை. மலிவான எல்.ஈ.டி நாடாக்கள் பெரும்பாலும் 395 முதல் 405 நனோமீற்றர். அவை பளிச்சென்ற ஊதாவாகத் தெரியும். அந்த ஊதாவின் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சம். 365 அப்படி இல்லை. முன்னால் கறுப்பு வடிகண்ணாடி பூட்டிய 365 விளக்கு, எரிகிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி இருக்கும். கலைஞர்கள் 365ஐ விரும்புவது இதற்காகத்தான். ஊதா நிறம் படத்தைக் கெடுக்காது, சாயம் மட்டும் சுத்தமாக ஒளிரும். அப்படிப் பார்த்தால், எந்த விளக்குக் கலைக்கு நல்லதோ அதுவே கண்ணை ஏமாற்றுவதிலும் கெட்டி.

எங்கள் கண்ணுக்கென்று காவல் இல்லாமல் இல்லை. கூசும் வெளிச்சம் பட்டால் கால் செக்கனுக்குள் இமை மூடும், முகம் திரும்பும், கண்மணி சுருங்கும். அந்தக் காவல் எழும்புவது தெரிகிற வெளிச்சத்துக்குத்தான். 365க்கு இமை மூடாது. அறை இருட்டு என்பதால் கண்மணி ஏற்கெனவே அகலத் திறந்துதான் இருக்கும். வெயிலில் 2 மில்லிமீற்றர் அளவுக்குச் சுருங்கும் கண்மணி இருட்டில் 7 மில்லிமீற்றர் வரை விரியும். பரப்பளவில் அது பன்னிரண்டு மடங்கு. கழியூதாக் கதிரின் குறுகிய அலைப் பகுதியை முன்னால் உள்ள விழிவெண்படலமே தடுத்துவிடும். 365 போன்ற நீண்ட அலைப் பகுதி அதைத் தாண்டி வில்லைக்குப் போகும், வில்லைதான் அதைக் குடித்து விழித்திரையைக் காப்பாற்றும். பிள்ளைகளின் வில்லை தெளிவானது. வளர்ந்தவர்களை விட அவர்களின் விழித்திரைக்குக் கழியூதா கூடுதலாகப் போய்ச் சேரும்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கணக்கில்லாமல் பயமுறுத்துவது எனக்குப் பிடிக்காது. விளக்குகளின் கண் பாதுகாப்புக்கு ஐ.ஈ.சி. 62471 என்றொரு சர்வதேச நியமம் இருக்கிறது. 315 முதல் 400 நனோமீற்றர் வரையான கதிருக்குக் கண்ணில் படக்கூடிய எல்லை, 1000 செக்கனுக்கு மேற்பட்ட நேரத்துக்கு, சதுர மீற்றருக்கு 10 வாற்று. 1000 செக்கன் என்றால் பதினேழு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. அதை விடக் குறைந்த நேரத்துக்கு, சதுர மீற்றருக்கு மொத்தமாக 10,000 யூல் (வாற்றைச் செக்கனால் பெருக்கினால் வருவது யூல்). இப்போது 50 வாற்று விளக்கிலிருந்து 20 வாற்று கதிராக வெளிவந்து, விரிந்து பரவுகிறது என்று வைத்துக்கொள்வோம். நல்ல எல்.ஈ.டிக்கு இது அதிகப்படியான ஊகம் அல்ல. ஒரு மீற்றர் தூரத்தில் சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 6 வாற்று வரும், எல்லைக்குள்தான். அரை மீற்றரில் 25. ஒரு சாணில் 100ஐத் தாண்டும். அங்கே ஒன்றரை நிமிடத்தில் எல்லை முடிந்துவிடும்.

மருமகள் சில செக்கன்தான் பார்த்தாள், அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அறையின் நடுவில் நடந்து போகும் ஆட்களுக்கும் ஒன்றும் ஆகாது. என் கவலை வேறு. அது எரியாத விளக்கு என்று நினைத்து நின்று ஆராயும் பிள்ளை, படம் பிடிக்க விளக்குக்கு முதுகைக் கொடுத்து வரிசையாக நிற்கும் நண்பர்களுக்கு முன்னால் கமெராவோடு விளக்கைப் பார்த்து நிற்பவர், காலையிலிருந்து மாலை வரை அந்த அறைக்குள்ளேயே கதிரை போட்டு இருக்கும் உதவியாளர். கண்காட்சி எத்தனை நாள் நடந்தாலும் அந்த உதவியாளர் அத்தனை நாளும் அங்கேதான். கண்புரை வருவதற்கான காரணங்களில் கழியூதாவும் ஒன்று. அது ஒரே நாளில் வருவதில்லை, வருடக்கணக்கில் சேர்ந்து வருவது. இன்றைக்குக் கண் நோகவில்லை என்பது எதற்கும் சாட்சி ஆகாது.

“வெயிலில இல்லாத யூவியா, அண்ணை?”

வலைப் படைப்பைச் செய்த அந்தப் பெண்ணிடம் விடயத்தைச் சொன்னபோது அவள் கேட்ட முதல் கேள்வி இது. நியாயமான கேள்வி. யாழ்ப்பாணத்து மத்தியான வெயிலில், நிலத்தில் விழும் நீண்ட அலைக் கழியூதா மட்டும் சதுர மீற்றருக்கு 50 வாற்றைத் தாண்டும். அப்படியானால் நாங்கள் எல்லோரும் எப்போதோ குருடாகியிருக்க வேண்டாமா? ஆனால் வெயிலில் யாரும் வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. சூரியன் உச்சியில் நிற்கும்போது புருவம் மறைக்கிறது, இமை பாதி மூடுகிறது, கண்மணி ஊசிமுனை ஆகிறது. வெயில் தன்னைத் தானே அறிவித்துக்கொண்டு வருகிறது. யூவி அறையில் கதிர் வருவது கண்மட்டத்தில், நேரே, அறிவிப்பில்லாமல். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். பிறகு, “அப்ப வெல்டிங் பார்த்தா இரவில கண் எரியிறதும் இதாலயோ?” என்று கேட்டாள்.

அதுவும் கழியூதாதான், ஆனால் குறுகிய அலை. வெல்டிங் கடைக்குப் பக்கத்தில் வளர்ந்த எல்லோருக்கும் அந்த இரவு தெரியும். பார்த்தபோது ஒன்றும் இல்லை, ஆறேழு மணித்தியாலம் கழித்து கண்ணுக்குள் மண் அள்ளிப் போட்ட மாதிரி. விழிவெண்படலத்தின் மேல் தோல் வெந்துபோவதால் வரும் நோ அது. பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் ஆறிவிடும். கலை நிகழ்வுகளிலும் இது நடந்திருக்கிறது. 2023 நவம்பரில் ஹொங்கொங்கில் நடந்த ஏப்ஃபெஸ்ட் என்ற கொண்டாட்டத்துக்குப் போனவர்கள் பலர் அன்றிரவு கண் வலியோடு எழும்பினார்கள், தோலும் எரிந்தது. மண்டபத்தின் ஒரு மூலையில் பூட்டிய கழியூதா விளக்குகள்தான் காரணமாக இருக்கவேண்டும் என்று ஏற்பாட்டாளர்களே பிறகு அறிவித்தார்கள். அதே நகரத்தில் 2017இல் வேறொரு விருந்தில், கிருமி கொல்லும் குழாய் விளக்குகளை அலங்கார விளக்காகப் பூட்டியதால் ஆட்களின் கண்ணும் தோலும் வெந்தன.

இந்தக் குழாய்களைப் பற்றி எங்கள் ஊருக்கு விசேடமாக ஒன்று சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் குடிதண்ணீர் சுத்திகரித்து விற்கும் இடங்கள் நிறைய. தண்ணீரைக் கிருமி நீக்கும் யூவி குழாய் அதனால் இங்கே கேட்டால் கிடைக்கிற சாமான். கொரோனாக் காலத்தில் அறைகளைச் சுத்தம் செய்ய வாங்கியவையும் பல இடங்களில் தூசி பிடித்துக் கிடக்கின்றன. கண்ணாடி தெளிவாக இருக்கும், எரிந்தால் அழகான வெளிர் நீலம். ‘இதுவும் யூவி தானே, சும்மா கிடக்கு’ என்று ஒரு நாடகக் குழு அதைத் தூக்கிக்கொண்டு வந்ததை நான் கண்ணால் கண்டேன். அது 254 நனோமீற்றர். 30 வாற்றுக் குழாய் ஒன்றுக்கு ஒரு மீற்றர் தள்ளி நின்றால் ஒரு நாளைக்குக் கண்ணில் படக்கூடிய முழு அளவும் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். நடிகர்களும் முன்வரிசையும் ஒரு மணித்தியாலம் அதில் இருந்தால் அன்றிரவு ஆஸ்பத்திரிதான். அந்தக் குழாயை மேடைக்கோ கண்காட்சிக்கோ எந்தக் காரணத்துக்காகவும் கொண்டுவராதீர்கள். இதில் கூடக் குறைய என்ற பேச்சே இல்லை.

ஏன் அத்தனை விளக்கு?

திரும்ப வலை அறைக்கு வருகிறேன். விளக்குகளை மேலே ஏற்றச் சொன்னேன், அவள் மறுத்தாள். பக்கத்திலிருந்து வெளிச்சம் பட்டால்தான் முடிச்சின் பருமன் தெரியும், மேலேயிருந்து பட்டால் தட்டையாகிவிடும் என்றாள். ‘விளக்கைப் பார்க்க வேண்டாம்’ என்று அறிவித்தல் ஒட்டலாமே என்றாள். இருட்டறையில் அறிவித்தலை யார் வாசிப்பது? வாசிக்கத் தெரியாத வயதுதானே கண்ணாடிக்குக் கிட்டப் போகிறது? கண்ணைக் காப்பது பார்க்க வருகிறவரின் பொறுப்பல்ல, விளக்கைப் பூட்டுகிறவரின் பொறுப்பு என்பதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. அவளும் தன் முடிச்சுகளை விட்டுக்கொடுக்கவில்லை. கொஞ்சம் சூடாகத்தான் கதைத்தோம்.

அப்போது நான் கேட்டேன், முதலில் எத்தனை விளக்கு வைத்திருந்தாய் என்று. ஒன்றுதானாம். தனியே இரவில் இருந்து வேலை செய்தபோது அந்த ஒன்றே தாராளம். திறப்பு விழாவன்று பகல் பதினொரு மணிக்கு வந்தவர்கள் ‘ஒண்டும் தெரியேல்லையே’ என்று சொன்னதால் இரண்டாக்கி, பிறகு நான்காக்கியிருக்கிறாள். அவளுடைய படைப்பில் குறை இருக்கவில்லை. முற்றத்து வெயிலிலிருந்து நேரே இருட்டுக்குள் வந்த கண் அது. கண் இருட்டுக்குப் பழகப் பல நிமிடம் எடுக்கும், முழுதாகப் பழக அரை மணித்தியாலம் போகும். பழகாத கண்ணுக்காக விளக்கைக் கூட்டிக்கொண்டே போனால் அந்தக் கூட்டிய கதிர் முழுவதும் பழகிய கண்ணுக்கும், உள்ளேயே இருக்கும் உதவியாளருக்கும் போகிறது.

சரி, ஆட்களைக் காக்க வைப்போம் என்று முடிவெடுத்தோம். நாற்சார் வீட்டில் அதற்கு இடமா இல்லை? முற்றத்தைச் சுற்றிய விறாந்தையின் ஒரு பக்கத்தைக் கறுப்புத் துணியால் மறைத்து, மங்கலான ஒரு சிவப்புக் குமிழைப் போட்டு, வாங்கு ஒன்றைப் போட்டோம். வருகிறவர்கள் அதில் ஐந்து பத்து நிமிடம் இருந்துவிட்டு உள்ளே போக வேண்டும். அந்த நேரத்தில் வலைகள் எங்கேயிருந்து வந்தன என்று உதவியாளர் கதை சொல்வார். அதன் பிறகு உள்ளே இரண்டு விளக்கு போதுமாக இருந்தது. அதையும் டிமரில் குறைத்துப் பார்த்தாள், இன்னும் நன்றாக இருந்தது. வெளிச்சம் குறையக் குறைய வலையின் நைலோன் முழுதாக மறைந்து முடிச்சு மட்டும் நின்றது. அவள் தொடக்கத்தில் நினைத்த படம் அதுதான்.

விளக்கு இரண்டும் இப்போது வளைக்கு மேலே போய்விட்டன. நேர் கீழே பார்க்காமல் சரித்து, எதிர்ச் சுவரின் மேற்பாதி வழியாக வலையில் படும்படி. அந்தச் சரிவு முடிச்சின் பருமனை ஓரளவு காப்பாற்றியது. ஒவ்வொரு விளக்குக்கும் மூன்று பக்கம் மறைக்கும் தகரக் கூடு, உட்புறம் மங்கல் கறுப்பு. அலுமினியத் தாள் ஒட்டத்தான் முதலில் நினைத்தார்கள். அலுமினியம் கழியூதாவை நன்றாகத் தெறிக்க வைக்கும், கூட்டுக்குள் அது ஆகாது. வெள்ளைச் சுவரைப் பற்றி அவ்வளவு கவலை இல்லை. வெள்ளைப் பெயின்றில் உள்ள தைத்தானியம் ஈரொட்சைட்டு இந்தக் கதிரின் பெரும்பகுதியைக் குடித்துவிடும்.

சரிபார்க்கக் கருவி எதுவும் இருக்கவில்லை. சலவை செய்த வெள்ளைத் துணித் துண்டொன்றை எடுத்து, ஆட்கள் போகக்கூடிய இடமெல்லாம் முதலில் எங்கள் முகத்து உயரத்தில், பிறகு பிள்ளையின் முகத்து உயரத்தில் பிடித்துக்கொண்டு நடந்தோம். துணி எங்கே திடீரென்று பளீரிடுகிறதோ அங்கே கதிர் அதிகம். அத்தோடு நிலத்தில் இருந்தும் குந்தியும் சுற்றிப் பார்த்தோம், எந்த இடத்திலிருந்தாவது எல்.ஈ.டியின் முகம் தெரிகிறதா என்று. மூலையில் ஓரிடத்தில் தெரிந்தது. தகரத்தை இன்னும் மூன்று விரல் நீட்டினோம்.

உதவியாளர்களுக்கு ஹாட்வெயார்க் கடையில் வாங்கிய தெளிவான பொலிகாபனேற்றுக் கண்ணாடி. இதையும் சோதித்துத்தான் வாங்க வேண்டும், வழி சுலபம். 365 ரோச்சை வெள்ளைத் துணியில் அடியுங்கள், துணி ஒளிரும். இடையில் கண்ணாடியைப் பிடியுங்கள். துணியின் ஒளிர்வு அடியோடு நின்றால் அந்தக் கண்ணாடி தடுக்கிறது. நிற்காவிட்டால் எவ்வளவு கறுப்பாக இருந்தாலும் வேண்டாம். தடுக்காத கறுப்புக் கண்ணாடி வெறும் கண்ணை விட மோசம், அது கண்மணியை இன்னும் விரித்துவிட்டுக் கதிரை உள்ளே விடும். டொக்சிசைக்கிளின் போன்ற சில மருந்துகள் எடுப்பவர்களுக்குக் கழியூதா சாதாரண ஆட்களை விடக் கடுமையாகப் பிடிக்கும். அதனால் யார் உள்ளே இருக்கப் போகிறார்கள், என்ன மருந்து எடுக்கிறார்கள் என்றும் கேட்டுக்கொண்டோம்.

விளக்கு வாங்கிய பெட்டியை அவளிடம் வாங்கிப் பார்த்தேன். ‘யூவி 50 வாற்று’, அவ்வளவுதான். அலைநீளம் இல்லை, எந்த ஆபத்து வகையைச் சேர்ந்தது என்று இல்லை. 365 என்பதை அவள் கடைக்காரரைப் பத்துத் தடவை கேட்டு, அவர் விற்பனையாளரைக் கேட்டு, அப்படித்தான் அறிந்திருக்கிறாள். விளக்குகளைக் கண் ஆபத்தின்படி நான்கு வகையாகப் பிரிக்க அதே நியமத்தில் வழி இருக்கிறது. தரமான தயாரிப்பாளர்கள் அதை அச்சிட்டு விற்கிறார்கள். வாங்குகிற நாங்கள் கேட்டால்தான் கடைக்காரர் கேட்பார், கடைக்காரர் கேட்டால்தான் இறக்குமதி செய்கிறவர் யோசிப்பார். இரண்டு பெட்டி பக்கத்தில் இருந்தால் அலைநீளம் எழுதிய பெட்டியை எடுங்கள், கொஞ்சம் விலை கூடினாலும்.

வலைகள் அடுத்ததாக மட்டக்களப்புக்குப் போகின்றன. அங்குள்ள மண்டபத்தாரிடம் முகட்டின் உயரத்தையும், வாசலுக்கும் அறைக்கும் இடையில் ஆட்களை இருத்திவைக்க எவ்வளவு இடம் இருக்கிறது என்பதையும் அளந்து அனுப்பும்படி கேட்டிருக்கிறாள். இடம் போதாவிட்டால் காட்சியை மாலை ஆறு மணிக்குப் பிறகு மட்டும் திறக்கலாமா என்று யோசிக்கிறாள். மிஞ்சிய இரண்டு விளக்குகளை வாங்க ஒரு மண்டபக்காரர் வந்தாராம். எந்த உயரத்தில் பூட்டப் போகிறீர்கள் என்று கேட்டுவிட்டு, பதில் பிடிக்காமல் கொடுக்கவில்லை.